நான் தொட்ட வெந்தயக்கீரை

மகளை இனித் தொடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் நான் ஏன் மேலும் மூன்று நாள் தள்ளியே இருந்தேன்? சின்னப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு இதே சிகிச்சைக்குப் போகப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கட்டியைக் கண்டுபிடித்தது அவள்தான். ஹனாவுக்கு அப்போது நான்கு வயது. என் கழுத்தில் கை வைத்துத்தான் தூங்குவாள். ஒரு மத்தியானம், "அம்மா, உள்ள பட்டாணி இருக்கு" என்றாள். சிரித்துவிட்டு மறந்துவிட்டேன். ஸ்கேனுக்குப் போக ஒரு மாதம் ஆனது.

தைராய்டு (கழுத்தின் முன்பக்கம் உள்ள சுரப்பி) புற்றுநோய். சுரப்பியை அறுவை சிகிச்சையில் எடுத்தார்கள். அதன்பின் கதிரியக்க அயோடின் (மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்கும் மருந்து) கொடுத்தார்கள். அதை விழுங்கியவர் உடம்பிலிருந்து சில நாட்கள் கதிர் வெளிவரும். வேர்வையிலும் எச்சிலிலும்கூட மருந்து கொஞ்சம் கலந்திருக்கும். ஆஸ்பத்திரியில் தனி அறை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும், பத்து நாள் மகளிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளியிருக்கச் சொன்னார்கள். இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

சேலையூரில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. பால்கனி கிடையாது. வெயில் விழுவது படுக்கையறை ஜன்னலில் மட்டும் என்பதால் செடிகளெல்லாம் அங்கேதான். கண்ணாடி டம்ளரில் புதினா, பெயின்ட் டப்பாவில் தக்காளி, பிரியாணி வாங்கிய பிளாஸ்டிக் டப்பாவில் ஹனா தன் கையால் தூவிய வெந்தயம். அந்த அறைக்குள்தான் நானும் போனேன்.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் தண்ணீருக்கு அடியில் இருந்ததுபோல இருக்கிறது. வெளிச்சம் புதினா இலைகளைக் கடந்து சுவரில் பச்சையாக அசையும். எங்கோ விமானம் இறங்கும். அது தூக்கத்தில் கேட்டதா விழிப்பிலா என்று தெரியாது. கண்ணை மூடினால் என் கைகள் மங்கலாக ஒளிர்வதுபோலத் தோன்றும். திறந்தால் சாதாரணக் கைகள். ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் வெந்தயம் கொஞ்சம் உயர்ந்திருக்கும். மணி பார்ப்பதை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹாலில் என் கணவர் தரையில் டேப் ஒட்டியிருந்தார். ஹனா அதற்குப் பின்னால் வந்து நிற்பாள்.

"எவ்ளோ வளந்துச்சு?"

"உன் சுண்டு விரல் அளவு."

"தண்ணி நிறைய ஊத்தாத. செத்துடும்."

"சரிங்க மேடம்."

"நீ வெளிய வந்ததும் தோசைல போட்டுக்கலாம். அத்தாவுக்குக் கொஞ்சம்தான்."

"எனக்கு மட்டும் ஏன்டி கொஞ்சம்?" என்று சமையலறையிலிருந்து என் கணவர் கேட்பார்.

"நீ ஒரு நாளாச்சும் தண்ணி ஊத்துனியா?"

பத்தாம் நாள் டாக்டர் போதும் என்றார். எனக்குத்தான் போதவில்லை. நானாகவே மூன்று நாள் சேர்த்துக்கொண்டேன். பதிமூன்றாம் நாள் காலை கீரையைப் பார்த்தேன். இத்தனை நாள் நான் தொட்ட கீரை. என் வேர்வை அதில் விழுந்திருக்காதா? அதையா அவள் சாப்பிடுவது? வேரோடு பிடுங்கி, இரண்டு கவரில் கட்டிக் குப்பையில் போட்டேன். போட்ட பிறகுதான் டாக்டருக்கு போன் செய்தேன்.

"எதுக்கும்மா?" என்றார் அவர். "டார்ச் அடிச்சா சுவரு டார்ச்சாயிடுமா? கை பட்டிருக்கும்னு தோணுச்சுன்னா கொஞ்ச நாள் விட்டு, நல்லா கழுவிச் சாப்பிட்டிருக்கலாம். மூணு நாள் சேத்துக்கிட்டதும் நீங்களாத்தானா?"

டேப்பைத் தாண்டி ஹாலுக்கு வந்து, மண்டியிட்டுக் கைகளை விரித்தேன். ஹனா என்னைத் தாண்டி ஜன்னலைப் பார்த்தாள்.

"கீரை எங்க?"

"அம்மா தொட்டுட்டேன்ல, அதான் குப்பைல போட்டுட்டேன்."

ஓர் அடி பின்னால் போனாள்.

"அப்போ என்னையும் தொடாத."

நான்கு மாதம் ஆகிவிட்டது. ரத்தப் பரிசோதனைகள் நன்றாக இருக்கின்றன. தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். ஹனா என்னோடு பேசுகிறாள், சண்டை போடுகிறாள், பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைகிறாள். என் கை நீண்டால் மட்டும் உடம்பு விறைத்துக்கொள்கிறது. தலை பின்னிவிடுவது அவள் அத்தாதான். கோணல் வகிடோடு பள்ளிக்கூடம் போகிறாள். சும்மா இருக்கும் என் கைகளை நான் இப்போது எப்போதும் உணர்கிறேன், யாரோ கொடுத்து, வைத்திருக்கச் சொன்ன பாத்திரங்கள்போல. தேதிகள் நினைவில் நிற்பதில்லை. அவள் தோள் என் மேல் தற்செயலாக உரசிய நாட்கள் நிற்கின்றன. இதுவரை இரண்டு.

டாக்டரிடம் கேட்டேன். "பிள்ளைங்க மறந்துடுவாங்கம்மா" என்றார். இழுத்து அணைத்துக்கொள் என்கிறார் கணவர். எனக்கு எது சரி என்று தெரியவில்லை.

இதைக் கடந்து வந்தவர்கள் எழுதுங்கள். உங்கள் பிள்ளை தானாக மடிக்கு வர எவ்வளவு காலம் ஆனது? அதுவரை உங்கள் கைகளை என்ன செய்தீர்கள்?