நாக்குக்கு அடியில் பிலிப்பின் காசு

ஊர்க்கதை என்றால் நான் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது என் வாய்க்குள்ளேயே நடந்தது. இதில் ஒரு சொல்கூட நான் கூட்டியதில்லை.

பக்கத்து வீட்டு ஸ்தேர்யோஸ், பழைய கிரேக்கத் தலைநகர் பெல்லாவுக்குப் போகும் சாலையோரம் பீச் தோட்டம் வைத்திருக்கிறான். நவம்பரில் பட்ட மரத்தின் வேரைப் பிடுங்கியபோது ஒரு தங்கக் காசு கிடைத்தது. அருங்காட்சியகத்துக்குத் தெரியாமல் மறைத்துவிட்டான். மறைத்தானாம்! அவன் மனைவி லெமோனியா எனக்கு மட்டுமே மூன்று தடவை காட்டினாள். ஒரு பக்கம் இரட்டைக் குதிரைத் தேர், கீழே அந்தக் காலத்துப் பிலிப் அரசனின் பெயர். மறுபக்கம் அப்பல்லோ கடவுளின் அழகு முகம். அம்பில் ஒரு கண்ணைப் பறிகொடுத்த அரசன் வேறு யார் முகத்தைப் போடுவான்?

புத்தாண்டு மதியம் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வாசிலியோஸ் புனிதரின் கேக்கில் ஊரே ஒரு யூரோ போட்டுச் சுடும்; யார் துண்டில் காசு வருகிறதோ அவருக்கு வருஷமெல்லாம் அதிர்ஷ்டம். லெமோனியா பெருமைக்கு அந்தத் தங்கத்தைப் போட்டிருந்தாள். கணவனுக்கே விழட்டும் என்று விளிம்பில் அடையாளமும் வைத்தாளாம். வெட்டுமுன் தட்டை மூன்று சுற்றுச் சுற்றவேண்டுமே! மேலே தூவிய சர்க்கரையில் அடையாளம் காணாமல் போயிற்று.

கிறிஸ்துவுக்கு ஒரு துண்டு, மாதாவுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. பிறகு எங்களுக்கு.

என் பல்லில் கடுக்கென்றது.

பேசாமல் நாக்குக்கு அடியில் தள்ளிக்கொண்டேன்.

"உன் துண்டுல இருக்கா, எவ்லம்பியாக்கா?" என்று லெமோனியா கேட்டாள்.

உதட்டை இறுக்கிக்கொண்டு இல்லை என்று தலையாட்டினேன்.

"பாருங்களேன், அக்கா ஊமையாயிட்டா!" என்று லெமோனியா சிரித்தாள். "அப்ப நம்ம தங்கம் நம்ம துண்டுலதாங்க."

ஸ்தேர்யோஸ் வெளுத்துப்போனான். "தங்கமா? அதையா போட்டே? வாயில வைக்கிற பண்டத்துலயாடி?"

சண்டை முடியும்வரை இருக்க ஆசைதான். ஆனால் காசு என் வாயில். நழுவினேன். மணி 5.10. இருட்டிக்கொண்டு வந்தது. மூடுபனி. என் வீடு நாற்பது அடி தூரம்.

காசு சூடாகவே இல்லை... இவ்வளவு நேரம் வாயில் இருந்தும், பனிக்கட்டி மாதிரி.

தெருநாய் என்னைப் பார்த்தது. குரைக்கவில்லை. பின்வாங்கியது.

டக்... டக்... டக்...

குளம்புச் சத்தம். இரண்டு குதிரைகள், பின்னால் சக்கரம் உருளும் ஓசை. எங்கள் ஊரின் கடைசிக் குதிரை செத்து இருபது வருஷமாகிறது.

எண்பது அடி நடந்துவிட்டேன். வீடு வரவில்லை.

கடுங்குளிர். மூச்சு விட்டேன். ஆவி வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்தில் செத்தவர் வாயில்தான் காசு வைப்பார்கள். மறுஉலக ஆற்றின் அக்கரைக்குப் போகும் படகுக் கூலி.

என்னையும் செத்தவள் என்று...

துப்பப் பார்த்தேன். தாடை திறக்கவில்லை.

சக்கரம் நின்றது. என் முதுகுக்குப் பின்னால்.

ஒரு கை. மண் வாடை.

விரல்கள் உதட்டைப் பிளந்தன.

இழுத்தன.

படக்.

வாய் நிறைய ரத்தத்தோடு வீட்டுக்குள் விழுந்தேன். மணி 5.55. காசு இல்லை. ஒரு பல்லும் இல்லை.

மறுநாள் ஸ்தேர்யோஸ் தானாகவே அருங்காட்சியகத்துக்குப் போன் செய்தான். எந்தத் துண்டிலும் காசு கிடைக்காத பயம். அது வேரில் கிடைத்ததல்ல, ஒரு மண்டையோட்டின் பற்களுக்கு நடுவிலிருந்து பிடுங்கியது என்று அப்போதுதான் மனைவியிடமே சொன்னான்.

மார்ச்சில் அருங்காட்சியகத்தார் வந்து அவன் தோட்டத்தைத் தோண்டினார்கள். தோண்டிய பெண் ஒருநாள் என் வீட்டில் காபி குடித்தாள். நான் கேட்காமல் இருப்பேனா?

"யாரோ படைவீரன் போல இருக்கு, அத்தை. ஸ்தேர்யோஸ் மாமா காசை எடுத்துட்டேன்னு சத்தியம் பண்றார். காசு என்னவோ வாயிலேயே இருக்கு. ஆனா ஒரு கூத்து கேளுங்க."

"என்ன?"

"ஒரு பல் கூடுதலா இருக்கு. காசோட ஒட்டிக்கிட்டு. பொம்பளைப் பல் மாதிரி சின்னது. அதுல பல் டாக்டர் சிமென்ட் அடைச்சிருக்கார்."

இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினேன். உதட்டைத் திறக்காமல் சிரித்தேன்.