சீட்டின் மேல்மூலை

இன்று ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துச் சீட்டு கம்ப்யூட்டரில் அடித்தது. பிரஷர் மாத்திரைதான், பயப்படாதீர்கள். ஆனால் மேல்மூலையில், காலில் குறுக்குக் கோடு போட்ட அந்த ஆர் எழுத்தைக் காணோம்.

பழவேற்காடு கடைத்தெருவில் மருந்துக்கடை வேலைக்குச் சேர்ந்த புதிதில், அது ஒரு லத்தீன் வினைச்சொல்லின் சுருக்கம் என்று ஒரு டாக்டரம்மா சொன்னார். ‘எடுத்துக்கொள்’ என்று கட்டளையாம். வேர்ச்சொல்லுக்குப் ‘பிடி’ என்று பொருளாம். மீன்பிடிக் குடும்பத்துப் பெண்ணுக்கு இது போதாதா? கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் “உங்களுக்கு உத்தரவு வந்திருக்கு” என்று அளந்துகொண்டிருந்தேன்.

டெட்டால் வாசனை வந்தாலே எனக்கு அப்பா ஞாபகம், நைனா என்றுதான் கூப்பிடுவேன். திருக்கை முள் ஏறி அவர் குதிகால் வீங்கியபோது அதே டாக்டரம்மாதான் சீட்டு எழுதினார், மாத்திரையைக் கடையில் நானே எடுத்துக் கொடுத்தேன். பத்து நாள் தண்ணீரில் இறங்கக்கூடாது. மறுநாளோ அவருடைய பாடு. ஏரியில் வலை போடும் இடத்தை ஆள்முறை வைத்துப் பிரித்துக்கொள்வதற்கு எங்கள் கோட்டைக்குப்பத்தில் அப்படிப் பெயர். கல்யாணமான ஆண்களுக்கு மட்டும்தான் முறை உண்டு, நான் போக முடியாது. உடம்பு முடியவில்லை என்று ஊரில் சொன்னால் முறை அடுத்தவருக்குப் போய்விடும்.

“நைனா, எடுத்துக்கோனு சீட்டுலயே உத்தரவு போட்டிருக்கு. மாத்திரைய போட்டுக்கினு படு.”

“இன்னா பெரிய கலெக்டர் உத்தரவு! வந்து போட்டுக்கறேன். ஊர்ல வாயத் தொறந்த, அப்புறம் எங்கிட்ட பேசாத.”

ஊர்த் தலைவர் வீடு நாலு வீடு தள்ளித்தான். சொன்னால் நைனாவின் மானம் போகும், சொல்லாவிட்டால் கால் போகும். அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். உத்தரவு அவருக்குத்தானே, நான் என்ன செய்வேன் என்று கடைசியில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் முழுக்க அவர் சேற்றுத் தண்ணீரில் நின்றார். நல்ல இறால் என்று சிரித்துக்கொண்டே வந்தார். மூன்றாம் நாள் காய்ச்சல். சென்னை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே வெட்டினார்கள். அவர் சட்டைப் பையில் மாத்திரை அட்டை பிரிக்காமலே இருந்தது. ‘நீ ஏன் தடுக்கலை’ என்று சாகும்வரை என்னைக் கேட்கவில்லை.

அந்த எழுத்து எங்கே போயிற்று என்று இன்று இளம் டாக்டரைக் கேட்டேன். என் லத்தீனையும் கொஞ்சம் அவிழ்த்துவிட்டேன். அவர் சிரித்தார்.

“அது நோயாளிக்கு இல்லம்மா. அந்தக் காலத்துல மருந்து கலந்து குடுக்கறவங்களுக்கு எழுதினது. இதையெல்லாம் எடுன்னு.”

மருந்துக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பாடு முறைப் பட்டியலில் நைனா பெயர் இல்லை, சீட்டில் அந்த எழுத்தும் இல்லை. இத்தனை வருஷமும் அவர்தான் மீறினார் என்று நினைத்திருந்தேன். உத்தரவு எனக்கு வந்திருந்தது.