ஒரே அமுக்கில் எரிகிற லைட்

இலத்தூர் குற்றாலிங்கம் வீட்டில் பயம் என்ற சாமான் கிடையாது. இது ஊரறிந்த சேதி. ஊருக்கு அறிவித்தவரும் குற்றாலிங்கமேதான். இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். மகன் குற்றாலீஸ்வரன் சென்னையில் ஆயுதப்படைப் போலீஸ். மகள் உமாராணி வனக்காவலர். வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரில் மூன்று யூனிபார்ம் படங்கள் வரிசையாகத் தொங்கும். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள்கூட அந்த மூன்றையும் பார்த்து, மூன்று கதையையும் கேட்டு, காப்பியையும் குடித்துவிட்டுத்தான் வெளியே வர முடியும். அந்தத் தெருவில் முதன்முதலாக இன்வெர்ட்டர் வாங்கியதும் அவர்தான். "ஃபேன் இல்லாட்டா தங்கத்தாய்க்கு உறக்கம் வராது" என்பார். அவர் மனைவி தங்கத்தாயோ மார்கழியில் மட்டுமல்ல, சித்திரையிலும் ஃபேனை நிறுத்திவிட்டுப் போர்த்திக்கொண்டு படுக்கிறவள். அவளும் அதை யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாவது படத்தில் தொப்பியோடு முறைத்துக்கொண்டிருக்கும் உமாராணிக்கு இருட்டென்றால் பயம். கொஞ்சநஞ்சம் இல்லை. இருபத்தேழு வயதில், கொல்லைப்புறக் குழாயை மூடப் போனால்கூட ஏதாவது பேசிக்கொண்டே போய்ப் பேசிக்கொண்டே ஓடி வருவாள். வேலைக்கான பரீட்சையில் இருட்டைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. நடைத் தேர்வையும் பட்டப்பகலில்தான் வைத்தார்கள். எல்லாவற்றிலும் தேறி, குற்றாலத்து மலையடிவாரத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் வாரத்துக்கு மூன்று இரவு ரோந்து என்றார்கள். காட்டு இருட்டு வீட்டு இருட்டு மாதிரி இல்லை. அதற்குச் சுவர் கிடையாது.

முதல் ஒன்றே முக்கால் வருஷத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டாள். தகுதிகாண் பருவம் முடிய மூன்றே மாதம். அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள், பக்கத்தில் என்னவோ சருகில் சரசரவென்று ஓட, நடுங்கிய கையிலிருந்து டார்ச் நழுவிப் பாறைகளில் தட்டித் தட்டிப் பள்ளத்துக்குள் போனது. போகும் வழியெல்லாம் எரிந்துகொண்டே போனது. "பாறை வழுக்கிட்டு சார்" என்றாள் வனவர் விஜயசங்கரிடம். அவர் பாறையைக் குனிந்து பார்த்தார். காய்ந்துதான் கிடந்தது. நிமிர்ந்து அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு முன்னால் நடந்தார். இன்னொரு தடவை டார்ச் விழுந்தால் சாயம் வெளுத்துவிடும். சோதனைச்சாவடியில் உட்கார வைத்துவிடுவார்கள். அது பரவாயில்லை. ஏன் உட்கார வைத்தார்கள் என்று அப்பாவுக்குத் தெரியும். சுவரிலிருந்து ஒரு படம் இறங்கும்.

கையில் இருந்தால்தானே விழும், தலையில் கட்டிக்கொண்டால்? தென்காசி பஜாரில் மசூது பாய் கடைக்குப் போனாள். சாதாரணச் சுடிதாரில்தான்.

"நெத்தி லைட்டா? எதுக்குன்னு சொல்லுங்க தங்கச்சி" என்றார் மசூது. "பூ பறிக்கதுக்குன்னா ஒண்ணு. தோப்புக் காவலுக்கு வேற. மொயலுக்குப் போற ஆளுக்கு வேற. எல்லாம் லைட்டுதான், ஆனா ஒண்ணு செய்யுத வேலைய இன்னொண்ணு செய்யாது."

உமாராணி மென்று விழுங்கி, "டூருக்கு பாய். மலையில டென்ட் போட்டுத் தங்க" என்றாள்.

அவர் நாலைந்து பெட்டிகளைப் பிரித்துப் போட்டார். ஒன்று முதல் அமுக்கில் சிவப்பாக எரிந்தது. கூடாரத்துக்குள் அடுத்தவர் கண் கூசாமல் இருக்க அதுதான் நல்லது என்றார். சிவப்பு வெளிச்சத்தில் மசூது பாயின் முகமே வேறு யாருடையது போலத் தெரிய, உமாராணி அதை ஒதுக்கினாள். இன்னொன்று ஐந்து விதமாக எரியும். மூன்றாவது அமுக்கில் மின்னி மின்னி அணையும். அணைகிற எதுவும் அவளுக்கு வேண்டாம். அடுத்தது ஊசியாய் நீண்டு எதிர்க்கடைப் பலகையைத் தொட்டது. "இதான் மொயலுக்குப் போறவன் எடுக்கது. தூரத்துல மட்டும் அடிக்கும், பக்கத்துல ஒண்ணும் தெரியாது." பக்கத்தில் ஒன்றும் தெரியாத லைட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கடைசியில் தூசி படிந்த ஒரு பெட்டி வந்தது. ஒரே பட்டன், சோடா மூடி அகலம். அமுக்கியதும் கடை முழுக்க வெள்ளையாகிவிட்டது. மசூது கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்.

"இத யாரும் வாங்க மாட்டாங்க தங்கச்சி. மூணு மணி நேரந்தான் நிக்கும். கனம் வேற. கொறைச்சு வைக்கவும் முடியாது."

"ஒரே அமுக்குல எரியும்லா?"

"எரியும். எருமைமாடு மிதிச்சாலும் எரியும்."

"ரெண்டு குடுங்க."

"டூருக்கு ரெண்டு பேரா?"

"ஒண்ணு போச்சுன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

லைட் சோதனைக்கு அன்று ராத்திரியே காடு. கூட வந்தவர் வேட்டைத் தடுப்புக் காவலர் காஜா. இருபது வருஷமாகத் தினக்கூலியில் மலையேறுகிற மனிதர். உமாராணி பெருமையாகப் பட்டனை அமுக்கினாள். பாதை பளிச்சென்று தெரிந்தது. பாதையோரப் புல்லெல்லாம் பச்சையும் நீலமுமாகப் பனித்துளி. அழகாக இருக்கிறதே என்று குனிந்தாள். பனித்துளி நகர்ந்தது. ஒன்றில்லை, எல்லாம் நகர்ந்தன. நிமிர்ந்து பார்த்தால் மரப்பொந்தில் இரண்டு, கிளையில் இரண்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் சிவப்பாக இரண்டு. காடு முழுக்கக் கண். டார்ச்சோடு இதே வழியில் நூறு தடவை போயிருக்கிறாள், ஒரு கண்ணைக்கூடப் பார்த்ததில்லை.

"எட்டுக்கால் பூச்சி மேடம்" என்று சிரித்தார் காஜா. "லைட்டு நம்ம கண்ணுக்குப் பக்கத்துல இருந்தாத்தான் எதுக்க உள்ள கண்ணு மின்னும். கையில புடிச்சா மின்னாது. அதனாலதானே வேட்டைக்காரன் நெத்தியில கட்டுதான். அவனுக்கு மிளா மான் முழுசா தெரியாண்டாம். ரெண்டு கண்ணு மின்னுனா போதும். நடுவுல வச்சு அடிச்சிருவான்."

"அப்போ இத்தன நாளும் இதெல்லாம் நம்மளப் பாத்துக்கிட்டுத்தான் இருந்துச்சா?"

"பின்ன?"

பயத்துக்கு மருந்து வாங்கப் போய்ப் பயத்தைக் கிலோக் கணக்கில் வாங்கி வந்திருக்கிறோம் என்று உமாராணிக்குப் புரிந்தது. ஆனாலும் லைட்டைக் கழற்றவில்லை. பார்த்த பிறகு அதை அணைப்பது இன்னும் பயமாக இருந்தது.

ஐப்பசியில் ஒரு தகவல் வந்தது. மிளா வேட்டைக்கு ஓடைப்பாதை வழியாக ஒரு ஆள் ஏறப்போகிறான், கையில் நாட்டுத் துப்பாக்கி. விஜயசங்கர் உமாராணி, காஜா, இன்னொரு காவலர் என மூன்று பேரையும் பாதையோரமாக அறுபது அறுபது அடி தள்ளி உட்கார வைத்தார். "நான் விசிலடிக்கிற வரைக்கும் யாரும் லைட்டு போடக்கூடாது. ஒரு வெளிச்சம் தெரிஞ்சா ஆளு திரும்பிருவான். ரெண்டு மாசத்து உழைப்பு போயிரும்."

உமாராணிக்குக் கிடைத்த இடம் பாதைக்கு மேலே இடுப்புயர மேடு. மழையில் ஊறிய யூனிபார்ம் பூட்ஸ் காயாததால் அண்ணன் வாங்கி அனுப்பிய ஓட்டப்பயிற்சி ஷூவைப் போட்டு வந்திருந்தாள். ஒரு கையால் முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஷூ இரண்டையும் ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். லைட் நெற்றியில் இருந்தது, மறு கையின் கட்டைவிரல் பட்டனில். இருட்டு வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். தூரத்தில் அருவி விழும் ஓசை, பக்கத்தில் என்னவென்று தெரியாத ஓசைகள். அட்டை ஒன்று கணுக்காலில் ஏறுவது தெரிந்தது. தட்டிவிடக் கை வரவில்லை. குற்றாலநாதா, குழல்வாய்மொழியம்மா என்று ஆரம்பித்துத் தெரிந்த சாமியெல்லாம் தீர்ந்து, பெருக்கல் வாய்பாடு சொல்ல ஆரம்பித்தாள். பதினாறாம் வாய்பாட்டில் நிற்கும்போது வெளிச்சம் வந்தது.

ஊசி வெளிச்சம். ஆள் உயரத்தில், தலை திரும்புகிற பக்கமெல்லாம் மெல்லத் திரும்பிக்கொண்டு வந்தது. மசூது பாய் கடைப் பலகையைத் தொட்ட அதே ஜாதி. மரத்தைத் தடவியது, பாறையைத் தடவியது, மேட்டுக்கு ஏறியது. அவள் காலடியில் வந்து நின்றுவிட்டது.

ஏன் நிற்கிறது? கீழே பார்த்தாள். இரண்டு ஷூவின் முனையிலும் ராத்திரியில் ஓடுகிறவர்களுக்காக ஒட்டியிருந்த வெள்ளி வட்டம், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, மின்னிக்கொண்டிருந்தது.

ரெண்டு கண்ணு போதும். காஜா சொன்னது காதுக்குள் கேட்டது. இரண்டு வட்டத்துக்கும் நடுவே, அதற்கு நேர் பின்னால், அவளுடைய முழங்கால்கள். அதற்குப் பின்னால் நெஞ்சு. கால்களை இழுத்துக்கொள் என்றது புத்தி. கால் கேட்கவில்லை. விசில் வரும் என்று காத்தாள். வனவர் இருக்குமிடத்திலிருந்து பார்த்தால் ஒருவன் நின்று எதையோ பார்க்கிறான் என்பதற்கு மேல் தெரியாது. விசில் வராது. வெளிச்சத்துக்குப் பின்னாலிருந்து இரும்பு இழுபடும் சத்தம் 'டக்' என்று கேட்டது.

"எம்மோ!"

அலறியது தான்தான் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. கட்டைவிரல் தானாக அமுங்கியிருந்தது. ஒரே அமுக்கு. பாதை, ஓடை, பாறை, துப்பாக்கியைத் தோளில் வைத்திருந்த மனிதன், எல்லாம் வெள்ளையாகிவிட்டன. அவன் கண் குருடாகி ஒரு கையால் முகத்தை மூடினான். துப்பாக்கி மேலே பார்த்து வெடித்தது. இலையும் சுள்ளியும் அவள் தலையில் கொட்டின. அதற்குள் காஜா பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டார்.

பிடிபட்டவன் சுரண்டைப் பக்கம் டெம்போ ஓட்டுகிறவன். விலங்கு மாட்டும்போதுகூட அவன் ஷூவையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். "மிளான்னுல்லா நெனைச்சேன் தாயி. பொம்பளப் புள்ளன்னு தெரியாதே. சத்தம் போடலன்னா கொன்னுருப்பேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். உமாராணிக்கு அவன்மேல் கோபம் வந்தது. கூடவே அவனோடு சேர்ந்து அழலாம் போலவும் இருந்தது.

விஜயசங்கர் அறிக்கையை இப்படி எழுதினார்: 'வனக்காவலர் உமாராணி அஞ்சாநெஞ்சத்துடனும் சமயோசித புத்தியுடனும் விளக்கை ஒளிரச் செய்து குற்றவாளியை நிலைகுலைய வைத்தார்.' சார், இல்லை, என்று சொல்ல வாயெடுத்தாள். உயிர் போகிற நேரத்தில் வந்த குரல், அதைச் சொல்கிற நேரத்தில் வரவில்லை. கையெழுத்துப் போட்டாள். பேப்பரில் இரண்டு வரி வந்தது. நாலாம் நாள் உத்தரவும் வந்தது: மலை உச்சி முகாமுக்குப் பதினைந்து நாள், தைரியமான ஆள் வேண்டுமாம். உமாராணியும் காஜாவும்.

ராத்திரிச் சாப்பாட்டில் குற்றாலிங்கம் அந்த இரண்டு வரியை மூன்றாம் தடவையாக வாசித்தார்.

"எங்க ரத்தம்லா! பயம்னா என்ன வெலைன்னு கேப்பா எம் மவ. பதினஞ்சு நாள் என்ன, பதினஞ்சு மாசம் இருப்பா."

உமாராணி பிய்த்த தோசையைத் தட்டிலேயே வைத்தாள். பதினைந்து ராத்திரி. இந்தப் பொய்யையும் தூக்கிக்கொண்டு அவ்வளவு உயரம் ஏற முடியாது என்று தோன்றியது.

"நான் பயந்துதான்ப்பா லைட்டு போட்டேன்" என்றாள். "லைட்டு போடக்கூடாதுன்னுதான் சார் சொல்லியிருந்தாரு. தைரியமான ஆளா இருந்தா போடாம உக்காந்திருப்பா. உங்களுக்கு மூணாவது படத்துக்கு மாலைதான் போட வேண்டியிருந்திருக்கும். எனக்கு இருட்டுன்னா பயம். சின்னதுலேருந்தே பயம். டார்ச் வழுக்கி விழல, கை நடுங்கி விழுந்துச்சு. அந்த லைட்ட வாங்குனதே அதுக்குத்தான்."

தங்கத்தாய் தோசைக் கரண்டியோடு அடுக்களை வாசலில் நின்றுவிட்டாள். குற்றாலிங்கம் பேப்பரை மடித்தார். மடித்ததை இன்னொரு தடவை மடித்தார். மகளைப் பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்தார். போச்சு, படம் இறங்கிவிட்டது என்று நினைத்தாள் உமாராணி.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

இன்வெர்ட்டர் பிடித்துக்கொள்ள ஒரு நொடிதான் ஆகும். அந்த ஒரு நொடி இருட்டில் ஒரு கை பாய்ந்து வந்து உமாராணியின் மணிக்கட்டைப் பிடித்தது. வளையல் சதையில் அழுந்தும் பிடி. கை வேர்த்திருந்தது.

'டிக்' என்றது இன்வெர்ட்டர். விளக்கு வந்தது. அப்பாவின் கை இன்னும் அங்கேயே இருந்தது. அவர் அதைப் பார்த்தார், மெல்ல எடுத்துக்கொண்டார்.

"பேட்டரிக்குத் தண்ணி ஊத்தணும்" என்றார் கரகரத்த குரலில். "நேரம் எடுக்குது."

தங்கத்தாய் அடுக்களைக்குள் திரும்பிப் போனாள். உமாராணி எழுந்து, முகாமுக்குக் கட்டி வைத்திருந்த பையைத் திறந்து, இன்னும் பிரிக்காத இரண்டாவது பெட்டியை எடுத்து வந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பட்டன் பெருசுப்பா" என்றாள். "ஒரே அமுக்குதான்."