அத்தைக்கு எதுக்கு பில்லு?

எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது, தாயில்லாமல் என்னிடம் வந்த என் அண்ணன் மகன். இன்று ஊரில் விதைக்கடை வைத்திருக்கிறான்.

மயிலாடும்பாறைப் பக்கம் எனக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு. என் சாப்பாடே அதில்தான். போன ஆடியில் மக்காச்சோள விதை வாங்க அவனிடமே போனேன். பில் கேட்டேன்.

"அத்தைக்கு எதுக்கு பில்லு? நான் என்ன வேத்தாளா?" என்று சிரித்தான். எனக்கும் பெருமையாக இருந்தது.

பயிர் ஒன்று இடுப்புக்கு, ஒன்று முழங்காலுக்கு என்று வளர்ந்தது. கதிரை உரித்தால் பொக்கை வாய். வேளாண்மை ஆபீசில், "பில்லு கொண்டாங்க, நடவடிக்கை எடுக்குறோம்" என்றார்கள்.

கதிரோடு கடைக்குப் போனேன். பத்துப் பேர் நின்றார்கள்.

"இது என் கடை வெதைதான்னு எப்படி நம்புறது? பில்லு இருக்கா?"

அத்தை என்றுகூடச் சொல்லவில்லை. அவனை வளர்த்ததற்கும் என்னிடம் பில் இல்லை. கதிரை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

இந்த ஆடிக்கு விதையை ஆபீசிலேயே வாங்கினேன். பில் முந்தானையில் இருக்கிறது. அதை முடிச்சுப் போடும்போது கை கூசியது.

நான் சொல்லச் சொல்லப் பேத்தி இதை எழுதிவிட்டாள். தாயி, முதல்லருந்து வாசி. வளத்தது ஆறுன்னுதான எழுதியிருக்க?