எஸ் பக்கம் தள்ளிய பொத்தான்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மாவின் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. அந்தச் சித்திக்கு வரன் தேடி மூன்று வருஷம் அலைந்தவர் அம்மாவின் அண்ணாவான பெரிய மாமா. தகப்பனார் இல்லாத வீட்டில் எல்லாவற்றுக்கும் அவர்தான். நிச்சயம் செய்து, வலியசாலையில் சத்திரம் பேசி, சமையலுக்கு ஆள் சொல்லி முடித்தவர், கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் பழவங்காடி முக்கில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் காலில் எடை கட்டிப் படுக்க வைத்துவிட்டார்கள். தேதியை மாற்றவே கூடாது என்று படுக்கையிலிருந்தே சொல்லிவிட்டார். அவர் கேட்டது ஒன்றுதான்.

"தாலி கட்டறச்சே அவ மொகத்தை நான் பாக்கணும். அந்த ஒரு போட்டோ நன்னா வந்தாப் போரும்."

நான் எடுக்கிறேன் என்றார் அத்திம்பேர். அவர் என் அத்தையின் கணவர், செக்ரட்டேரியட்டில் உத்தியோகம். சிங்கப்பூரிலிருந்து சிநேகிதர் வாங்கி வந்த காமிரா அவரிடம் இரண்டு மாதமாக இருந்தது. ஏற்கெனவே சொல்லி வைத்திருந்த ஸ்டுடியோக்காரரை, நம்மாத்துக் கல்யாணத்துக்கு வெளியாள் எதற்கு என்று வேண்டாமென்றதும் அவரே.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் சத்திரத்தில் எங்களையெல்லாம் உட்கார்த்தி வைத்துக் காமிராவைக் காட்டினார். உள்ளே எட்டிப் பார்த்தால் ஓரத்தில் ஒரு முள் ஆடும். வளையத்தைத் திருகித் திருகி அதை நடுவில் நிறுத்தினால் வெளிச்சத்தின் அளவு சரி. அந்த முள்ளுக்கென்று ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. அதன் ஒரு பக்கம் ஏ என்றும் மறு பக்கம் எஸ் என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"ஏ-ல இருந்தா, படத்துல இருக்கற அத்தனை வெளிச்சத்தையும் கூட்டி சராசரி பாக்கும். எஸ்-ல வெச்சா நடுவுல ஒரு துண்டை மட்டும் பாக்கும். அது தொழில்காராளுக்கு. நமக்கு ஏ போரும். இதை ஆரும் தொடப்படாது, கேட்டேளா."

என் பெயரின் முதல் எழுத்து எஸ். அதற்கு மேல் எனக்குக் காரணம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவர் காப்பி குடிக்க எழுந்து போனதும் பொத்தானை என் பக்கம் தள்ளிப் பார்த்தேன். க்ளிக் என்று நகர்ந்தது. திருப்பித் தள்ளுவதற்குள் அம்மா தலை பின்னக் கூப்பிட்டாள். ஓடிவிட்டேன். பூவும் பாவாடையுமாக அன்றிரவு முழுக்க அது நினைவிலேயே இல்லை.

மறுநாள் முகூர்த்தம். மணமேடைக்குப் பின்னால் சத்திரத்தின் பெரிய வாசல் திறந்து கிடந்தது. வெளியே தெருவில் கண் கூசும் வெயில். பெரிய மாமாவுக்குப் பதிலாக அப்பா உட்கார்ந்து தம் மடியில் சித்தியை உட்கார்த்திக்கொண்டார். கெட்டி மேளம் முழங்கியபோது அத்திம்பேர் காமிராவைச் சித்தியின் முகத்துக்கு நேரே பிடித்து வளையத்தைத் திருகுவதைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பொத்தானை நான் திருப்பித் தள்ளவே இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தனியாக ஒரு தூணடியில் உட்கார்ந்து பிலிமைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் அடுத்த தூணுக்குப் பின்னால் நின்றேன். சுற்றுகிற கை சட்டென்று நின்றது. பொத்தானைப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, சத்தம் வராமல் அதை ஏ பக்கம் நகர்த்திவிட்டு, காமிராவைத் தோலுறைக்குள் வைத்து மூடினார்.

விசாரணை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. போட்டோ கழுவி வர எட்டு நாள். அந்த எட்டு நாளும் அத்திம்பேர் வந்தால் நான் கொல்லைப்புறம் போய்விடுவேன். அவரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அப்பளம் பொரித்த வாசனைக்குக்கூட எழுந்து வரவில்லை என்று அத்தை குறைப்பட்டாள். குற்றவாளியைப் பற்றித்தான் யோசிக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய மாமா தினமும் ஆள் விட்டுக் கேட்டார், போட்டோ வந்துடுத்தா என்று.

எட்டாம் நாள் அத்திம்பேர் என்னையும் அழைத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனார். அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போவதாக ஏற்பாடு. ஸ்டுடியோக்காரர் மலையாளி. உறையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"இது சார் எடுத்ததாணோ?"

அத்திம்பேர் உறைக்குக் கையை நீட்டினார்.

"பின்னாடி இத்தனை வெளிச்சம். சாதாரணமா எடுத்தா மொகமெல்லாம் கரியாப் போயிருக்கும். மொகத்துக்கு மட்டும் அளவு வெச்சு எடுத்திருக்கு. கொள்ளாம் சாரே, நன்னாயிட்டுண்டு."

அத்திம்பேர் உறையைப் பிரித்தார். வாசலும் தெருவும் வெறும் வெள்ளையாகிவிட்டிருந்தன. ஆனால் சித்தியின் முகம் அத்தனை தெளிவு. குனிந்த இமையும் மூக்குத்திக் கல்லும்கூடத் தெரிந்தன. எல்லாப் படமும் அப்படி வரவில்லை. சம்பந்தி மாமாவின் வெள்ளை அங்கவஸ்திரம் நடுவில் விழுந்த படத்தில் அவர்கள் குடும்பமே இருட்டில் நின்றது. அதை அத்திம்பேர் அடியில் செருகிக்கொண்டார்.

"பின்னே, எங்கே எதை வெக்கணும்னு பாத்துன்னா வெக்கணும்" என்று ஸ்டுடியோக்காரரிடம் சொன்னார். குரல் பழையபடி ஆகிவிட்டிருந்தது.

பெரிய மாமா படுத்தபடியே படத்தை முகத்துக்கு மேலே பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை மார்பின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

"மொகம் தெரியறது" என்றார். அத்திம்பேர் பக்கம் திரும்பி, "நீர் பெரிய ஆளுதான் ஓய்" என்றார்.

அத்திம்பேர் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரிப் படியிறங்கும்போது எனக்கு மனசு லேசாகிவிட்டது. இனிமேல் சொன்னால் அடி விழாது. பாராட்டில் ஒரு பங்குகூடக் கிடைக்கலாம்.

"அத்திம்பேர், அன்னிக்குக் காமிரால அந்த எஸ்..."

"ஐஸ்கிரீம் சாப்பிடறயா?" என்றார் அவர். அதற்கு முன் எனக்கு ஒரு மிட்டாய்கூட வாங்கித் தராதவர். நான் சொன்னது காதில் விழவில்லை போலிருக்கிறது, திரும்பச் சொல்ல வேண்டும் என்று எண்ணிக்கொண்டே, சாப்பிடறேன் என்றேன்.