@ குறி விழுங்கிய வரி

அருணாதேவி என்ன வேலை பார்க்கிறாள் என்று எங்கள் தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. "கம்ப்யூட்டர்ல என்னமோ எழுதுறாங்க" என்பார்கள். கேட்டவருக்கும் அதோடு திருப்தி. கிரிவலப் பாதையில், எம லிங்கத்துக்குப் பின்னால் இரண்டாவது சந்தில் மாடி வீடு. கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை போட்ட குடும்பம். முப்பத்தாறு வயதில், சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள்.

அந்தக் கம்பெனி பாய்லர், மோட்டார் எல்லாவற்றையும் ஓட்டும் சின்ன கண்ட்ரோல் போர்டு செய்கிறது. போர்டுக்குள் போடும் புரோகிராமை எப்படி எழுதுவது என்று விளக்குவதுதான் அருணாதேவியின் வேலை. புரோகிராமுக்குள்ளேயே கமெண்ட் என்று தனியாக ஒரு பகுதி வைத்து, அதில் விளக்கமும் அப்படியே எடுத்துப் போட ஓர் உதாரணமும் எழுதுவாள். ஒரு டூல் அதைத் திரட்டி இணையப் பக்கமாக்கிவிடும். பக்கத்தின் அடியில், உதாரணத்தை எத்தனை பேர் காப்பி எடுத்தார்கள் என்று ஓர் எண் இருக்கும். தினமும் காலையில் காபி டம்ளரோடு அந்த எண்ணைத் திறந்து பார்ப்பாள். எண்ணை மட்டும்தான் பார்ப்பாள். வினை அங்கேதான் இருந்தது.

ஐப்பசிப் பௌர்ணமியன்று மதியம் மூன்றே கால் மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து யாரோ ஒருவர் மெயில் அனுப்பியிருந்தார். பாய்லர் உதாரணத்தில் அழுத்தத்துக்கு எல்லை வைக்கும் வரி எங்கே என்று கேட்டிருந்தார். கண்ணைத் திறந்து பார்க்க மாட்டார்களா என்று முனகிக்கொண்டே பக்கத்தைத் திறந்தாள். அவள் எழுதியது பதினொரு வரி. பக்கத்தில் இருந்தது பத்து.

மெயில் முகவரியில் வருமே, அந்த @ குறியில் தொடங்கும் வரி அது. @ குறியில் தொடங்கினால் அந்த டூல் அதைத் தனக்கு இட்ட கட்டளை என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் காட்டாது. அதற்கு முன்னால் ஒரு சாய்கோடு போட வேண்டும். பத்து வருடமாகத் தெரிந்த விஷயம்தான், மறந்துவிட்டாள். மீதிப் பத்து வரியும் தப்பில்லாமல் ஓடும், பாய்லரைச் சூடாக்கும். எங்கே நிறுத்துவது என்று மட்டும் அதற்குத் தெரியாது. கீழே எண் நாற்பத்தொன்று என்றது.

காலையில் தம்பி தருமன் போனில் சொன்னது நினைவுக்கு வந்தது.

"அக்கா, அக்னி லிங்கத்தாண்ட அன்னதானக் கூடத்துல பாய்லருக்கு உங்க போர்டுதான் மாட்டியிருக்கேன். உன் பக்கத்துலருந்து அப்படியே எடுத்துப் போட்டுட்டேன். இன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி, நாலு மணிக்கு ஆன் பண்றோம்."

பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டம் நெரியும் இந்த ஊரில் செல்போன் வெறும் கடிகாரம். பத்து முறை அடித்தாள், ஒருமுறைகூடப் போகவில்லை. ஆட்டோவையும் நிறுத்திவிட்டார்கள். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

ரோட்டில் இறங்கியதும் கூட்டத்தோடு கலந்தாள். கால் அது பாட்டுக்கு நடந்தது. பிறந்ததிலிருந்து கிரிவலத்தில் மலை வலப்பக்கம் இருந்துதான் அவளுக்குப் பழக்கம். கிரிவலப் பாதை செங்கம் ரோட்டை விட்டுத் திரும்பும் இடம் வந்ததும்தான் அவளுக்கு உறைத்தது. அக்னி லிங்கம் பின்னால் இருக்கிறது. தம்பி இருப்பது பின்னால். அவள் இவ்வளவு நேரமும் அவனைவிட்டு விலகித்தான் ஓடியிருக்கிறாள்.

திரும்பினாள். எதிரே கடல் போல் ஜனம்.

"இன்னாமா, எதிர்ல வர்ற? சாமி குத்தம்மா!" என்று ஒரு கிழவர் கையை நீட்டி மறித்தார்.

"என் தம்பிங்க... உடுங்க..." என்று அவர் கையைத் தள்ளினாள். இடித்தாள், இடிபட்டாள், திட்டு வாங்கினாள். மலை இடப்பக்கம் இருந்தது. அதுவே அவளுக்குக் கெட்ட சகுனமாகப் பட்டது. வேண்டிக்கொள்ளக்கூட பயமாக இருந்தது. வேண்டிக்கொண்டால் தன் தப்பையும் ஒப்புக்கொள்ள வேண்டுமே.

கூடத்தை அடைந்தபோது மணி நாலே கால். பின்கட்டில் ஏழெட்டுப் பெண்கள் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நாலடி தள்ளி பாய்லர் கீச்சென்று அலறிக்கொண்டிருந்தது. தருமன் அதன்மேல் குனிந்து காது வைக்காத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"தள்ளிப் போடா!"

மெயின் ஸ்விட்சை அவளேதான் இறக்கினாள். அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. அலறல் மெல்லத் தேய்ந்து அடங்கியது.

"வால்வு இருக்கேக்கா, ஆவி ஜாஸ்தியானா அதுவே தொறந்து வெளிய உட்டுடும்," என்றான் தருமன்.

"எந்த வால்வு?"

"பழைய பாய்லர்ல கழட்டினது." சொல்லிவிட்டு அவனே அந்த வால்வைப் பார்த்தான். அதன் கழுத்தில் கீறல் விட்டிருந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டான். அருணாதேவி அவன் தலையைப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு, ஊரே பார்க்க அழுதாள்.

காணாமல் போன வரியை மனப்பாடமாகச் சொன்னாள், அவன் போர்டில் ஏற்றினான். அப்புறம்தான் அவளுக்குச் செய்யாமல் விட்ட காரியம் ஞாபகம் வந்தது. வீட்டில் இணைப்பு இருந்ததே! ஒரே ஒரு சாய்கோடு. கிளம்பும் முன் அதைப் போட்டிருந்தால் அரை நிமிஷம். தம்பி, தம்பி என்று ஓடிவந்துவிட்டாள்.

திரும்பும்போது கூட்டத்தோடுதான் நடந்தாள். யாரும் மறிக்கவில்லை, திட்டவில்லை. மாடியேறி, கதவைக்கூடச் சாத்தாமல் சாய்கோட்டைப் போட்டாள். எச்சரிக்கை எழுதினாள். கம்பெனிக்கும் கோயம்புத்தூர்க்காரருக்கும் மெயில் அனுப்பினாள். பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்து எண்ணினாள். பதினொன்றும் இருந்தன.

அதற்குக் கீழே அந்த எண், அவள் போய்வருவதற்குள், நாற்பத்து மூன்று ஆகியிருந்தது.

அதில் ஒருவன் தருமன். மற்றவர்கள் எந்த ஊர், எந்த பாய்லர், பக்கத்தில் யார் உட்கார்ந்து காய் நறுக்குகிறார்கள் என்று அந்தப் பக்கம் சொல்லாது.