பழுதைச் சொல்லாமல் கொடுத்த கார்

மின்சாரத்திலும் பெற்றோலிலும் ஓடும் என் பழைய பிளக்-இன் ஹைபிரிட் காரின் பெரிய பற்றரி இனி அதிக நாள் தாங்காது, அது போனால் கார் நின்றுவிடும் என்று கராஜில் சொல்லிவிட்டார்கள். அதைச் சொன்னால் யார் வாங்குவார்கள்? சிறுநீரக நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச்செல்லும் கொட்டாஞ்சேனைத் தொண்டு நிலையம் ஒன்றுக்கு நன்கொடையாகக் கொடுத்தேன். பழுதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர்கள் போர்த்திய பொன்னாடையோடு வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பினேன்.

மூன்றாவது வாரம், கல்கிசையிலிருந்து புதிதாக வாங்கிய காரில் வரும்போது, தெஹிவளையில் அந்தக் கார் வீதியோரம் நின்றதைக் கண்டு இறங்கினேன். சாரதி வேறு வாகனத்துக்காகத் தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருந்தார். கால்கள் வீங்கிய ஒரு அம்மா கடைப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, இவர்தான் எங்களுக்குக் கார் தந்த ஐயா" என்றார் சாரதி.

அந்த அம்மா என் கைகளைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் நல்லா இருக்கோணும் தம்பி."

என் புதுக் காரில் அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச்சென்றேன். பம்பலப்பிட்டியைத் தாண்டினோம். பிறகு சொன்னேன்: "அம்மா, பழுதெண்டு தெரிஞ்சுதான் அந்தக் காரைக் குடுத்தனான்."

அவர் கோபப்படவில்லை. "அதைச் சொல்லியிருக்கலாமே தம்பி. நான் விடிய வெள்ளெனவே பஸ்ஸில வெளிக்கிட்டிருப்பன்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவருடைய டயலிசிஸ் நேரம் வேறொருவருக்குப் போயிருந்தது. மூச்சு வாங்க வாங்க, பின்னேரம்வரை சுவரோர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

மறுநாள் நிலையத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, புதுப் பற்றரி போட்டுக் கொடுத்தேன். கார் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. ஆனாலும் யாராவது என்னைக் கொடையாளி என்றால் தலை குனிந்துவிடுகிறது. எனக்கு வேண்டாததை நோயாளிகளின் தலையில் கட்டிவிட்டு, அவர்களிடமே வாழ்த்தும் வாங்கியவன் நான்.